குண்டர் சட்டமும் 28 ரூபாயும்: காஞ்சிபுரத்துலேர்ந்து ஒரு திருட்டு விசிடி வரலாறு

"திருட்டு விசிடி"ங்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு ஆபீஸ்ல ஒரு வடக்கத்தி நண்பர் கேட்டார். "பைரேட்டட்"னு சொன்னா கப்பல், கொள்ளைக்காரன், ஒத்தைக்கண்ணுல கறுப்புத் துணின்னு கொஞ்சம் கெத்தா இருக்கும். நம்மாளுங்க அப்படியெல்லாம் சுத்தி வளைக்கல. நேரா திருட்டுன்னே பேர் வச்சுட்டாங்க. வச்சதோட நிக்காம, கடைக்குப் போய் கூச்சமே இல்லாம "அண்ணே, புதுப்படம் திருட்டு விசிடி வந்துருச்சா?"ன்னு கேட்டும் வாங்கினாங்க. திருட்டுன்னு தெரிஞ்சு, திருட்டுன்னு வாயால சொல்லியே காசு கொடுத்து வாங்கின பொருள் வேற ஏதாவது இருக்கா மக்களே?

பாட்டுக்கும் படத்துக்கும் நாம எப்பெல்லாம் காசு கொடுத்தோம், எப்பெல்லாம் கொடுக்கல, ஏன்? அதுதான் இந்தப் பதிவு. "ஓசின்னா நம்ம ஜனங்க பினாயிலையும் குடிப்பாங்க"ங்கிறது ஒரு கட்சி. "இந்த விலை வச்சா மனுஷன் வேற என்னதான் பண்ணுவான்"ங்கிறது இன்னொரு கட்சி. ரெண்டு கட்சியும் டீக்கடையில ரொம்ப வருஷமா மல்லுக்கட்டுது. பழைய கதையைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தா ரெண்டுமே பாதிதான் சரின்னு தோணுது.

இதைக் காஞ்சிபுரத்துல உக்காந்து எழுதறதுக்கும் காரணம் இருக்கு. இந்த ஊரோட சோறே "இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?"ங்கிற கேள்வியிலதான் இருக்கு. காந்தி ரோட்டுல பட்டுப்புடவை வாங்க வர்ற ஒவ்வொரு குடும்பமும் அதைத்தான் கேக்குது. அப்படிப்பட்ட ஊரும் மத்த ஊர் மாதிரியேதான் திருட்டு விசிடி பார்த்துச்சு. புடவைக் கதைக்குக் கடைசியில வர்றேன், அதுவரைக்கும் பொறுமை.

காதுக்கு மட்டும் வேலை இல்லை

தறியில உக்காந்தவங்களுக்குக் கை நாடாவுல, கால் மிதியில, கண்ணு பாவுல. காது மட்டும்தான் சும்மா இருக்கும். அதனால பிள்ளையார்பாளையம் பக்கம் எந்தத் தெருவுல நடந்தாலும் தறிச்சத்தத்தோட ஒரு சினிமாப் பாட்டும் கேக்கும். ஒரு நாளைக்கு எட்டு, பத்து மணி நேரம் பாட்டு கேக்கற ஆளுங்கன்னு பார்த்தா, நாங்கல்லாம் ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஆணி புடுங்கறதுக்கு ரொம்ப முன்னாடியே நெசவாளிங்க அதைப் பண்ணிட்டாங்க.

முதல்ல ரேடியோ. சிலோன் ரேடியோ, 1957ல ஆரம்பிச்ச விவித் பாரதி. இது ஓசின்னு நினைச்சுக்காதீங்க. 1980கள் நடுவுல வரைக்கும் ரேடியோ வச்சிருக்க லைசென்ஸ் வேணும். தபாலாபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டணும். ஒரு பாட்டுக்கு இவ்வளவுன்னு கிடையாது, வருஷத்துக்கு ஒரு தொகை, எவ்வளவு வேணா கேட்டுக்கோ. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி திரும்பி வரும்.

அப்புறம் கேசட். பிலிப்ஸ் கம்பெனி 1963லயே கண்டுபிடிச்சது, நம்ம ஊர் வீடுகளுக்குள்ள 80கள்லதான் நிறைய நுழைஞ்சது. அதோட கூடவே வந்தது ரெக்கார்டிங் சென்டர். இதைப் பத்தி எங்க பெரியப்பா மணிக்கணக்கா பேசுவார். வெத்து கேசட் ஒண்ணு வாங்கணும், 60 நிமிஷம் இல்லன்னா 90. ஒரு முழுத்தாள் எடுத்து ஏ சைடு, பி சைடுன்னு கோடு போட்டு பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுக்கணும். ரெண்டு, மூணு நாள் கழிச்சுப் போனா கேசட் ரெடி. கடைசிப் பாட்டு பாதியில அறுந்துடும், அதுக்குன்னே "கடைசியில சின்னப் பாட்டாப் போடுங்க"ன்னு சொல்லி வைக்கறவங்க உண்டாம்.

சட்டப்படி பார்த்தா அந்தக் கடை மொத்தமும் திருட்டுதான். 1957 பதிப்புரிமைச் சட்டம் அப்பவே அமல்ல இருந்துச்சு. ஆனா பெரியப்பாகிட்ட "அது பைரசி பெரியப்பா"ன்னு சொன்னா அவருக்குப் புரியவே புரியாது. அவர் காசு கொடுத்துத்தானே வாங்கினார்! கேசட்டுக்குக் கொடுத்தார், பதிவு பண்ற கூலி கொடுத்தார். இசையமைப்பாளருக்கோ, எழுதினவருக்கோ, ரெக்கார்டு கம்பெனிக்கோ ஒரு பைசா போகலைங்கறது அவர் கண்ணுல படற விஷயமே இல்லை.

முக்கியமான விஷயம் ஒண்ணு. ரெக்கார்டிங் சென்டருக்கு ஜனங்க போனது விலைக்காக மட்டும் இல்லை. கம்பெனி கேசட்ல ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம். நமக்குப் பிடிச்ச 12 பாட்டை நம்ம வரிசையில கொடுக்க கம்பெனிகிட்ட ஏற்பாடே கிடையாது. அதே சமயம் வடக்கே குல்ஷன் குமாரோட டி-சீரிஸ் மலிவு விலை கேசட்டால இந்தியா முழுக்கப் பரவி, பழைய பெரிய கம்பெனிகளை ஆட்டம் காண வச்சது. ஒரு பக்கம் விலை, இன்னொரு பக்கம் நம்ம இஷ்டம். சட்டபூர்வமான கடை இந்த ரெண்டுலயும் தோத்துச்சு.

டெக் வாடகை

1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியோட கலர் டிவி வந்துச்சு, பின்னாலேயே விசிஆர் வந்துச்சு. நம்ம ஊர் பாஷையில "டெக்". வாங்க முடியாது, வாடகைக்கு எடுக்கலாம். டிவி, டெக், மூணு படம், விடிய விடிய. கல்யாண வீடு, காதுகுத்து, பொங்கல்னு சாக்கு இருந்தாப் போதும், தெருவே கூடிடும். வெளிநாட்டுக்குன்னு வித்த வீடியோ உரிமையில போட்ட கேசட்டெல்லாம் சுத்தி வந்து இங்கேயே சேர்ந்துச்சு.

1984ல ரெண்டு சட்டம் வந்துச்சு. மத்திய அரசு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி வீடியோவையும் கம்ப்யூட்டர் புரோகிராமையும் உள்ளே கொண்டு வந்து, தண்டனையைக் குறைஞ்சது 6 மாசம், அதிகபட்சம் 3 வருஷம்னு ஏத்துச்சு. தமிழ்நாட்டுல வீடியோவுல படம் போட்டுக் காட்டறதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் வந்துச்சு. அதாவது என் வயசு இன்ஜினியர் எவனும் பொறக்கறதுக்கு முன்னாடியே, சாப்ட்வேர் காப்பியும் சினிமா காப்பியும் ஒரே திருத்தத்துல குத்தமாயிடுச்சு. தெருவுல டெக் வாடகை மட்டும் நிக்கல.

திருட்டு விசிடியும் குண்டர் சட்டமும்

கேசட்டுக்கும் விசிடிக்கும் என் மாதிரி பொட்டி தட்டறவனுக்கு ஒரு பெரிய வித்தியாசம் தெரியும். கேசட்டைக் காப்பி பண்ணி, அந்தக் காப்பியைக் காப்பி பண்ணா, நாலாவது கேசட்ல பாடகர் கிணத்துக்குள்ளேர்ந்து பாடற மாதிரி இருக்கும். காப்பிக்கு ஒரு இயற்கையான எல்லை இருந்துச்சு. டிஜிட்டல்ல அது போச்சு. ஆயிரமாவது காப்பியும் முதல் காப்பியும் ஒண்ணுதான். சீனா பிளேயர் மலிவாச்சு, சிடி ரைட்டர் மலிவாச்சு, 2000த்தோட ஆரம்பத்துல பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்துல தார்ப்பாய் விரிச்சு விக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அதுக்குன்னே ஒரு அகராதி வேற. தியேட்டர் பிரிண்ட்னா திரைக்கு முன்னாடி ஒரு தலை எழுந்து பாத்ரூம் போறது வரைக்கும் தெரியும். நல்ல பிரிண்ட்னா தலை தெரியாது. ஒரு படம் ரெண்டு டிஸ்க், சில படம் மூணு. சரியா இன்டர்வெல் சண்டையில டிஸ்க் மாத்தணும். அப்புறம் டிவிடி வந்து ஒரே தட்டுல அஞ்சு படம்.

2004ல தமிழ்நாடு அரசு ஒரு பெரிய ஆயுதத்தை எடுத்துச்சு. 1982ல வந்த குண்டர் சட்டம்னு நாம சொல்ற தடுப்புக் காவல் சட்டத்துல, கள்ளச்சாராயம் காய்ச்சறவங்க, போதைப் பொருள் விக்கறவங்க, குண்டர்கள் இருக்கற அதே பட்டியல்ல வீடியோ திருடங்களையும் சேர்த்தாங்க. விசாரணை இல்லாமலே ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம். பதிப்புரிமை மீறலுக்கு இவ்வளவு கடுமையான ஏற்பாடு உலகத்துல ரொம்ப அபூர்வம்.

என்ன ஆச்சு? பிளாட்பாரத்துல வித்தவங்க சிக்கினாங்க. தார்ப்பாய் சுருட்டப்பட்டுச்சு, ஒரு வாரம் கழிச்சு வேற தெருவுல விரிக்கப்பட்டுச்சு. விக்கறவன் குண்டர், வாங்கறவன் குடும்பஸ்தன். வாங்கறவங்க பழக்கத்துல ஒரு மாத்தமும் இல்லை. அவங்களைப் பொறுத்தவரைக்கும் மாறினது ஒண்ணே ஒண்ணுதான், கடை அட்ரஸ்.

28 ரூபாய்

இந்த வரலாற்றுல எனக்கு ரொம்பப் பிடிச்ச அத்தியாயம் இதுதான். மோசர் பேயர்னு ஒரு கம்பெனி, 1983ல ஆரம்பிச்சது. வெத்து சிடி, டிவிடி தயாரிக்கறதுல உலக அளவுல பெரிய ஆளு. திருட்டு விசிடி போடறவன் எந்தத் தட்டுல போடுவான்? இந்த மாதிரிக் கம்பெனி தயாரிச்ச வெத்துத் தட்டுலதான். அந்தத் தட்டோட அடக்க விலை என்னன்னு மோசர் பேயருக்கு நல்லாவே தெரியும். 2007ல அவங்களே பட உரிமையை வாங்கிக் குவிச்சு விசிடி 28 ரூபா, டிவிடி 34 ரூபான்னு இறக்கினாங்க.

அதுவரைக்கும் ஒரிஜினல் விசிடின்னா நூறு ரூபாய்க்கு மேல கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்கற சமாச்சாரம். திடீர்னு திருட்டு விசிடி விலையிலயே, ஏன் அதைவிடக் கம்மியாவே, நல்ல பிரிண்ட், அட்டை போட்டு, மளிகைக்கடை கல்லாப்பெட்டி பக்கத்துல தொங்குது. எங்க வீட்டு ஷோகேஸ்ல இன்னும் ஒரு முப்பது இருக்கும், நான் ஸ்கூல் படிக்கும்போது அம்மா மளிகை லிஸ்ட்டோட சேர்த்து வாங்கினது. எங்க தெருவுல யாரும் பதிப்புரிமை பத்திக் கருத்தரங்கம் நடத்தல. "இதுலயும் அதே விலைதான், படம் நிக்காம ஓடுது"ங்கிற ஒரே காரணம் போதுமா இருந்துச்சு.

குண்டர் சட்டத்தால முடியாததை 28 ரூபா கொஞ்சம் பண்ணிக் காட்டுச்சு. "கொஞ்சம்"னு சொல்றதுக்குக் காரணம், அந்தத் தட்டுல வந்ததெல்லாம் பெரும்பாலும் பழைய படம். வெள்ளிக்கிழமை ரிலீஸான படம் திங்கக்கிழமை வேணும்னா பிளாட்பாரம்தான். விலையில ஜெயிச்சவங்க நேரத்துல தோத்தாங்க. அதோட 2006லேர்ந்து அரசு இலவசக் கலர் டிவி கொடுத்துச்சு. 2011ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்துச்சு. பழைய படம் டிவியிலயே ஓடும்போது தட்டு எதுக்கு? பின்னால இணையம் வந்து தட்டையே ஒழிச்சுது. மோசர் பேயர் 2018ல திவாலாகிக் கலைப்புக்குப் போச்சு.

மெமரி கார்டு, டோரண்ட், ஒரு கொலவெறி

அடுத்த அத்தியாயத்துல ரெக்கார்டிங் சென்டர் மறுபிறவி எடுத்துச்சு. ஞாபகம் இருக்கா, செல்போன் கடையில "மெமரி கார்டுக்குப் பாட்டு ஏத்தித் தரப்படும்" போர்டு? பெரியப்பா அதே மாதிரி லிஸ்ட் எழுதிக்கிட்டுப் போனார். கடைக்காரப் பையன் லிஸ்ட்டைப் பார்க்கவே இல்லை. "தாத்தா, மொத்தமா ரெண்டாயிரம் பாட்டு ஏத்திடறேன்"ன்னு சொல்லி கார்டைச் செருகிட்டான். 90 நிமிஷத்துக்காக மூணு நாள் காத்திருந்தவருக்கு, அஞ்சு நிமிஷத்துல ஒரு வாரத்துக்கான பாட்டு. தறிக்குப் பக்கத்துல சீனா செட் ஒண்ணு ராத்திரி பகலா பாடிட்டே இருந்துச்சு. காசு யாருக்குப் போச்சுங்கற கேள்வியில மட்டும் 1985க்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

இதே காலத்துல ஒரு தமிழ்ப்படம் பைரசி வரலாற்றுல ரெண்டு தடவை வருது. "3". 2011 நவம்பர்ல அதோட பாட்டு ஒண்ணு அரைகுறையா லீக் ஆயிடுச்சு. புலம்பிட்டு உக்காராம, முறையான பாட்டை கம்பெனியே யூட்யூப்ல ஓசியில விட்டுச்சு. அதுதான் "ஒய் திஸ் கொலவெறி டி". அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

அதே படத்துக்காக 2012ல இன்னொரு வழியும் பார்த்தாங்க. சென்னையில ஒரு நிறுவனம் உயர்நீதிமன்றத்துல "ஜான் டோ" உத்தரவு வாங்குச்சு. யார் திருடுவாங்கன்னு பேர் தெரியாமலே, வரப்போற திருடன் மேல முன்கூட்டியே வாங்கற தடை. அதைக் காட்டினதும் இணைய சேவைக் கம்பெனிங்க பைரேட் பே, வீமியோன்னு முழு முழு தளங்களையே மூடிட்டாங்க. தன் சொந்தக் குறும்படத்தை வீமியோவுல போட்டிருந்தவனும் அம்பேல். குறிப்பிட்ட முகவரியை மட்டும்தான் மூடணும், மொத்தத் தளத்தையும் இல்லன்னு நீதிமன்றம் ஜூன் 2012ல தெளிவுபடுத்த வேண்டியிருந்துச்சு. ஒரே படம், ஒரு கையில திறந்து விட்டாங்க, இன்னொரு கையில பூட்டினாங்க. எது வேலைக்கு ஆச்சுன்னு நீங்களே சொல்லுங்க.

அப்புறம் தமிழ்ராக்கர்ஸ். ஒரு முகவரியை மூடினா வால் எழுத்தை மாத்திக்கிட்டு அடுத்தது முளைக்கும். ரிலீஸ் அன்னிக்கே படம் போடுவோம்னு சவால் விடற அளவுக்குப் போச்சு. எங்க காலேஜ் ஹாஸ்டல்ல 1 டிபி ஹார்ட் டிஸ்க் வச்சிருந்தவன்தான் ராஜா, அவன் ரூம் வாசல்ல பென் டிரைவோட க்யூ நிக்கும்.

அந்த நேரத்தைப் பிடிக்கத் திரைக்காரங்களே ரெண்டு தடவை முயற்சி பண்ணாங்க. கமல் "விஸ்வரூபம்" படத்தைத் தியேட்டருக்கு ஒரு நாள் முன்னாடி டிடிஎச்ல 1000 ரூபாய்க்குக் காட்டத் திட்டம் போட்டார். தியேட்டர்காரங்க எதிர்ப்புல அது நடக்கல. வேற காரணத்துக்காக வந்த தடையும் நீங்கி, தமிழ்நாட்டுல படம் 2013 பிப்ரவரி 7 அன்னிக்கு வெளியாச்சு. 2015 மார்ச்ல சேரன் "சினிமா டு ஹோம்"ன்னு, தன்னோட "ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை" படத்தை நேரா டிவிடியில 50 ரூபாய்க்கு வீட்டுக்கே கொண்டு வந்தார். ரெண்டு பேரையும் அன்னிக்குக் கிண்டல் பண்ணவங்க அதிகம். கமல் சொன்னது அஞ்சாறு வருஷத்துல சர்வ சாதாரணமாச்சு. சேரன் சொன்னதும் சரிதான், டிவிடி பிளேயர் பரணுக்குப் போற நேரத்துல சொன்னதுதான் பிரச்சனை.

சந்தா திரும்பி வந்த கதை

2016 இந்தக் கதையோட திருப்பம். ஜனவரியில நெட்ப்ளிக்ஸ் இந்தியாவுக்குள்ள வந்துச்சு, மாசம் 500 ரூபா. செப்டம்பர்ல ஜியோ. அதுவரைக்கும் மாசம் 1 ஜிபிக்கு 250 ரூபா கிட்டக் கொடுத்துட்டு, படம் டவுன்லோடு பண்ண ஆபீஸ் நெட்டையும் ஹாஸ்டல் நெட்டையும் நம்பி இருந்த நாடு, ஒரே ராத்திரியில நடுரோட்டுல நின்னு வீடியோ பார்க்க ஆரம்பிச்சுது. டிசம்பர்ல அமேசான் பிரைம் வீடியோ, வருஷத்துக்கே 499. 500 ரூபாக்காரங்களும் இறங்கி வந்தாங்க. 2019ல மொபைலுக்கு மட்டும் 199, 2021 டிசம்பர்ல 149. மோசர் பேயர் தட்டுல கண்டுபிடிச்ச அதே பாடம்தான், இந்தத் தடவை தட்டு இல்லாம.

பாட்டுல இன்னும் சுத்தமா முடிஞ்சுது. பெரியப்பா பையன் தறியில இப்ப ஓடறது ஒரு பாட்டு ஆப். லிஸ்ட் எழுதலாம், நம்ம வரிசையில கேக்கலாம், கடைசிப் பாட்டு அறுந்து போகாது. ஒரு தொகை கட்டு, எவ்வளவு வேணா கேட்டுக்கோ. தபாலாபீஸ் ரேடியோ லைசென்ஸ் ஞாபகம் வருதா? சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நிக்கறோம்.

2020 ஊரடங்குல "பொன்மகள் வந்தாள்" மே 29 அன்னிக்கு நேரா பிரைம்ல வந்தப்ப, கமல் பட்ட பாட்டையே மறுபடி பட்டாங்க. தியேட்டர்காரங்க கொதிச்சாங்க, படம் வந்துச்சு. பெரியவர் சொன்ன வழியில ஊரே நடக்க ஆரம்பிச்சுது.

பைரசி செத்துடுச்சான்னா இல்லை. ஒரு ஆப்ல ஒரு படம், இன்னொரு ஆப்ல இன்னொண்ணுன்னு பிரிஞ்சதும் டெலிகிராம் பக்கம் கூட்டம் திரும்பிடுச்சு. 2023ல சினிமாட்டோகிராப் சட்டத்தைத் திருத்தி, தியேட்டர்ல படம் பிடிக்கறவனுக்கு 3 மாசத்துலேர்ந்து 3 வருஷம் வரை ஜெயில், 3 லட்ச ரூபாய்லேர்ந்து படத்தோட தயாரிப்புச் செலவுல 5 சதவீதம் வரைக்கும் அபராதம்னு போட்டாங்க. சட்டம் வரட்டும், வேண்டாங்கல. ஆனா நாற்பது வருஷக் கதையில ஜனங்க பழக்கத்தை மாத்தினது எதுன்னு பார்த்தா விலை, நேரம், பக்கத்துல கடை. இந்த மூணும்தான்.

கொடுத்த காசு எங்கே போகுதுங்கறது தனிக் கேள்வி. 1977ல ஒரு உச்சநீதிமன்றத் தீர்ப்பு, படத்துக்காக எழுதின பாட்டோட உரிமை பொதுவாத் தயாரிப்பாளருக்குப் போயிடும்னு சொல்லிடுச்சு. அப்புறம் பல பத்தாண்டு அப்படியே ஓடுச்சு. 2012 திருத்தம்தான், தியேட்டர் தவிர மத்த இடத்துல பாட்டு பயன்பட்டா எழுதினவருக்கும் இசையமைச்சவருக்கும் பங்கு உண்டு, அதை எழுதி வாங்கிட முடியாதுன்னு ஆக்குச்சு. ஆக, 2012க்கு முன்னாடி ஒழுங்கா ஒரிஜினல் கேசட் வாங்கினவர் காசும் பாட்டெழுதினவர் வீட்டுக்குப் போயிருக்கும்னு சொல்ல முடியாது.

இப்ப புடவைக்கு வருவோம்

பட்டுப்புடவையில பார்டர், முந்தி டிசைன் எப்படி வருதுன்னு தெரியாதவங்களுக்காக. கட்டம் போட்ட தாள்ல டிசைன் வரைவாங்க, ஒரு கட்டம் ஒரு இழை. அந்தக் கட்டத்தைப் பார்த்து அட்டையில துளை போடுவாங்க. துளை இருந்தா இழை தூக்கும், இல்லன்னா தூக்காது. ஒண்ணு, பூஜ்யம். 1804ல பிரான்ஸ்ல பட்டு நெசவு ஊரான லியோன்ல ஜக்கார்டு பண்ணின ஏற்பாடு இது. பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு இதே அட்டையைத்தான் யோசிச்சார், 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புல ஹாலரித் துளை அட்டையை ஓட்டினார், அந்த வழியில வந்ததுதான் நாங்க தட்டற பொட்டி. டிஜிட்டல் கோப்புன்னு ஒண்ணை முதல்ல வச்சிருந்தது சினிமாக்காரன் இல்லை, நெசவாளி. காப்பியடிக்கப்பட்டதும் அவன்தான் முதல்ல.

டிசைனைக் காப்பியடிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்ததும் முதல்ல துணிக்குத்தான். 1787ல இங்கிலாந்துல துணி அச்சு டிசைனுக்கு 2 மாசம் பாதுகாப்பு கொடுத்தாங்க. நம்ம நாட்டு அச்சுத் துணியை அங்கே யாரும் உடுத்தக் கூடாதுன்னு 1721ல தடை போட்டுட்டு, அதைப் பார்த்து நெய்யவும் அச்சடிக்கவும் கத்துக்கிட்டவங்க, "எங்க டிசைனை எவனோ திருடறான்"னு கேட்டு வாங்கின பாதுகாப்பு அது. 1806ல லியோன்காரங்களுக்கும் டிசைனைப் பதிஞ்சு வைக்க ஏற்பாடு வந்துச்சு.

இங்கே நிலைமை என்ன? ஒரு பாட்டுக்குப் பதிப்புரிமை, எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும். புடவை டிசைனுக்கு? 2000 வருஷத்து வடிவமைப்புச் சட்டத்துல பதிவு பண்ணா 10 வருஷம், இன்னும் 5 நீட்டிக்கலாம். பதிவு பண்ணலைன்னா, 1957 சட்டத்தோட 15வது பிரிவுப்படி, அந்த டிசைனை 50 தடவைக்கு மேல உற்பத்தி பண்ணின உடனே பதிப்புரிமை போச்சு. பாட்டுக்கு 60 வருஷம், புடவைக்கு 50 புடவை. வீட்டுல தறி போட்டு, கூலிக்கு நெய்யற குடும்பம் எந்த டிசைனை, எந்த ஆபீஸ்ல போய்ப் பதிவு பண்ணும்?

வேற வேலிகளும் இருக்கு. 1985 கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களை விசைத்தறியில நெய்யக் கூடாதுன்னு சொல்லுது. 1993ல உச்சநீதிமன்றம் அது செல்லும்னு சொல்லிடுச்சு. 2005-06ல காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது, ஆனா அது பேரைத்தான் காப்பாத்தும், டிசைனை இல்லை. ஒரு பார்டரை போன்ல போட்டோ எடுத்து அனுப்பினா, வேற ஊர்ல கம்ப்யூட்டர்ல ஏத்தி, விசைத்தறியில அதே மாதிரி ஓட்டிடலாம். தூரத்துலேர்ந்து பார்த்தா ஒண்ணுதான். நம்ம விசிடி பாஷையில சொன்னா நல்ல பிரிண்ட்.

எனக்கு இங்கேதான் உறைக்குது. பாட்டையும் படத்தையும் முதல் தடவை எடுக்கத்தான் செலவு, அப்புறம் காப்பி போட ஒண்ணும் ஆகாது. அதனால ஒரிஜினல்காரன் நினைச்சா திருடன் விலைக்கே இறங்கலாம். 28 ரூபாயும் 149 ரூபாயும் அப்படி வந்ததுதான். "விலை அதிகம்பா"ன்னு நாம நாற்பது வருஷமா சொன்ன சாக்குக்கு அவங்களால பதில் சொல்ல முடிஞ்சுது, சொல்லவும் சொல்லிட்டாங்க.

கைத்தறிப் புடவை இறங்க முடியாது. ஆயிரமாவது புடவைக்கும் முதல் புடவைக்குச் செலவான அதே நாள் ஆகும். கோர்வை பார்டர்னா ரெண்டு ஆள் வேணும், ஒரு ஆள் நாடாவை அந்தப் பக்கம் விட, ஒரு ஆள் இந்தப் பக்கம். குறைஞ்சது பத்து, பதினஞ்சு நாள், வேலைப்பாடு கூடினா இன்னும் மேல. அந்த விலையிலேர்ந்து கழிக்கணும்னா அந்த ஆளோட நாளைத்தான் கழிக்கணும். விலை, நேரம், பக்கத்துல கடைன்னு மூணு விஷயம் சொன்னேன் இல்லையா, மூணுலயுமே டூப்ளிகேட்தான் ஜெயிக்கும், எப்பவும். இங்கே ஜனங்க பழக்கம் தானா மாறும்னு காத்திருக்க முடியாது. வாங்கறவங்க தெரிஞ்சு, விசாரிச்சு, கூடக் கொடுத்தாத்தான் உண்டு.

2007க்கான தேசிய விருதுல சிறந்த படம் "காஞ்சிவரம்". மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை நெய்ய, வேலை பார்க்கற இடத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாப் பட்டு இழை திருடற நெசவாளியோட கதை. அந்தப் படத்தை எங்க தெருவுல யார் யார் எந்தப் பிரிண்ட்ல பார்த்தாங்கன்னு நான் விசாரிக்கல, ஹி ஹி.

பெரியப்பா பையன் மாசாமாசம் பாட்டு ஆப்புக்குக் காசு கட்டறான். அவன் நெய்யற டிசைனோட விசைத்தறிக் காப்பி அவன் போனுக்கே விளம்பரமா வருது. "இதையும் 50 ரூபாய்க்கு எவனாச்சும் சந்தா போட்டுடுவானோ"ன்னு சிரிக்கறான். எனக்குப் பதில் தெரியல. உங்க வீட்டுல கடைசியா வாங்கின பட்டு கைத்தறியா, விசைத்தறியான்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: புடவை வாங்க காஞ்சிபுரம் வர்றவங்க, பஸ் ஸ்டாண்டுல "வாங்க சார், சொந்தத் தறி, நேரா வீட்டு விலை"ன்னு கூப்பிடறவர் பின்னாடியே போயிடாதீங்க. கூட்டுறவு சங்கக் கடைங்க இருக்கு, அங்கே முதல்ல ஒரு சுத்து சுத்திட்டு, கைத்தறி விலை என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் மத்த கடைக்குப் போங்க. இட்லி மட்டும் எங்கே வேணா சாப்பிடலாம், கோயில் இட்லிக்கு இன்னும் விசைத்தறி வரலை.